தூக்குகிறவர் அளவு

ஐம்பது நாட்களாக அந்த வீட்டில் யாரும் சத்தமாக அழவில்லை. சாவு நடந்த முதல் மூன்று நாள் அழுதார்கள். ஊரும் சேர்ந்து அழுதது. நாற்பதாம் நாள் பாத்தியாவுக்கு வந்தவர்கள் வயிறு நிறையச் சாப்பிட்டு, தால்ச்சா நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு, வாசலில் செருப்பைத் தேடினார்கள். அதற்குப் பிறகு தண்ணீர் வந்ததா, பால்காரர் வந்தாரா என்பதைத் தாண்டி அங்கே பேச்சு எழவில்லை.

அதனால்தான் புதன்கிழமை காலையில், டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அப்துல் சுபான் சொன்னது எல்லோர் காதிலும் விழுந்தது.

“பேஸுக்கு ஒரு பை தெக்கணும்.”

சுபான் பேண்டு செட் என்றால் தருமபுரியில் தெரியாதவர்கள் இல்லை. பேஸ்தான் அந்த செட்டிலேயே பெரிய வாத்தியம். குழந்தையைத் தூக்குவது போல இரண்டு கையாலும் அணைத்துத்தான் பிடிக்க வேண்டும். அதன் அகலமான பித்தளை வாய் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். அதை ஊதியவன் மூத்த மகன் சர்தார். ஊதி முடித்ததும் ஊதுமுனையை மட்டும் கழற்றி, துடைத்து, தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வான். மீதியை ஒரு பழைய பெட்ஷீட்டில் சுற்றிவிடுவான்.

கார்த்திகை மாதம் பென்னாகரம் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனபோதும் அப்படித்தான் பெட்ஷீட்டில் சுற்றி பஸ் கூரையில் போட்டிருந்தார்கள். தூறல். வழியில் பஸ் நின்ற இடத்தில் கயிறு அவிழ்ந்து தொங்குவதைப் பார்த்துவிட்டு, சர்தார் பின்பக்க ஏணியில் ஏறினான். அவன் ஏறியதை யாரும் பார்க்கவில்லை. விசில் ஊதினார்கள், பஸ் கிளம்பியது. அவனும் பேஸும் சேர்ந்தே விழுந்தார்கள். பேஸின் வாயோரத்தில் ஒரு நசுங்கல் விழுந்தது. பேஸுக்கு ஆனது அவ்வளவுதான்.

“மேல போட்டுக் கட்டுடா, பித்தளைக்கு என்ன ஆயிடப் போவுது.” அன்று காலையில் பஸ் ஸ்டாண்டில் இதைச் சொன்னவர் அப்துல் சுபான். பக்கத்தில் சைடு டிரம்மோடு நின்றிருந்த இளைய மகன் கரீமுக்கு அது நன்றாக ஞாபகம் இருந்தது. இரண்டு பேரும் அதைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

பேஸ் இப்போது சர்தாரின் மனைவி ஹசீனாவின் அறையில் இருந்தது. அவள் இத்தாவில் இருந்தாள். கணவன் இறந்த பெண் நான்கு மாதம் பத்து நாள் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும், அந்நிய ஆண்கள் பார்வையில் படக் கூடாது. அந்தக் கணக்கில் கொழுந்தன் கரீமும் அந்நியன்தான். ஆகவே அவன் அந்த அறைக்குள் போக முடியாது. மாமனார் போகலாம், தடை இல்லை. ஆனால் அவர் போகவில்லை.

பேஸ் இல்லாமலே இரண்டு கல்யாணங்களுக்குப் போய்ப் பார்த்தார்கள். அடியில் தாங்க ஆள் இல்லாத மாதிரி பாட்டு தள்ளாடியது. இப்போது தை பிறந்துவிட்டது. நாளை வியாழக்கிழமை சாயங்காலம் பென்னாகரத்தில் காளியப்பன் வீட்டு மாப்பிள்ளை அழைப்பு. அவர் நேரில் வந்து, “பாய், பெரிய வாத்தியத்தோட வந்துருங்க” என்று கேட்டு, சுபானும் தலையை ஆட்டி அனுப்பிவிட்டார்.

ஹசீனா பேஸைக் கொடுப்பாளா? கேள்வி அது ஒன்றுதான். அதை நேராகக் கேட்கத் தைரியம் இல்லாத மாமனார், பையிலிருந்து ஆரம்பித்தார்.

*

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்தது குப்புராஜின் கடை. பஸ், லாரி, ஸ்கூட்டர் எதுவானாலும் சீட்டுக்கு உறை தைப்பது அவர்தான். மனிதர்கள் உட்காரும் இடத்துக்குத் தவிர வேறு எதற்கும் அவர் தைத்ததில்லை.

“வாத்தியத்துக்கா? உக்காருங்க பாய். அதையும் ஒரு சீட்டுன்னு நெனச்சுக்கிட்டாப் போச்சு. எங்க வாத்தியம்?”

“வூட்ல இருக்குது” என்றார் சுபான்.

“எடுத்தாந்திருந்தா இங்கயே அளந்திருக்கலாமே.”

தகப்பனும் மகனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

“நாங்களே அளந்துட்டு வந்தர்றோம்ணே” என்றான் கரீம்.

குப்புராஜ் மேலே கேட்கவில்லை. சாவுக்கு வந்திருந்தவர்தான் அவரும். மூன்று துண்டுகளை எடுத்து மேஜையில் போட்டார்.

“ஒண்ணு, உள்ளார பலகை வெச்சு மேல தார்ப்பாய் போட்டுத் தெக்கறது. பொட்டி மாதிரி கெட்டியா நிக்கும். பஸ்ஸு மேல தூக்கிப் போட்டாலும் ஒண்ணும் ஆவாது. ரெண்டு, ரெக்ஸினு. பாக்க ஜோரா இருக்கும், ரெண்டு கோடை தாங்காது, வெடிச்சிரும். மூணு, கித்தான் துணி. உள்ளார ஃபோமு, அதுக்கும் உள்ளார கம்பளி. மெத்துன்னு இருக்கும். ஆனா மேல கீழ எல்லாம் போடக் கூடாதுங்க பாய். ஆளோட ஆளா வெச்சுக்கணும்.”

“பொட்டியே தெச்சிருங்க” என்றார் சுபான். யோசிக்கவே இல்லை.

“அண்ணிய ஒரு வார்த்த கேட்டுரலாம் அத்தா.”

சுபான் தெருவைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

குப்புராஜ் ஒரு சிகரெட் அட்டையைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் எழுதினார். உயரம். வாய் அகலம். வயிற்றுச் சுற்றளவு. எழுதிக்கொண்டே கேட்டார்.

“யாரு தூக்கறது?”

ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தது. அது நின்று, ஆட்கள் இறங்கி முடிக்கும் வரைக்கும் பதில் வரவில்லை. கரீமுக்குப் பேஸ் ஊதத் தெரியும். வயசுப் பையன்களாக இருந்தபோது அண்ணனும் தம்பியும் மாற்றி மாற்றி ஊதியவர்கள்தான். இனிமேல் தூக்கப் போகிறவன் அவன்தான் என்பது மூவருக்குமே தெரிந்திருந்தது. ஆனால் வாயால் சொல்லிவிட்டால் சர்தாரின் இடத்தில் இன்னொருவன் வந்து நின்றதாக ஆகிவிடும். யாருக்கும் மனசு வரவில்லை.

“சரி, அதையும் சேத்து எழுதியாங்க” என்று குப்புராஜே முடித்துவைத்தார். “தோள்ல இருந்து, பை முதுவுல எதுவரைக்கும் தொங்கணுமோ அதுவரைக்கும் அளவு. வாரு அதுக்குத்தான். பக்கிள் வெச்சா இந்தக் கனத்துக்கு நழுவும், நேரா வெச்சுத் தெச்சிருவேன். அளவு தப்புனா பை கால்ல இடிக்கும்.”

கடைசி வரியில் ‘தூக்குபவர் அளவு’ என்று எழுதி, இஞ்ச் டேப்பைச் சுற்றிக் கையில் கொடுத்தார்.

*

ஹசீனாவின் அறைக் கதவில் ஒரு பழைய சேலை திரையாகத் தொங்கியது. அதற்கு இந்தப் பக்கம் மாமியார் வஹிதா முறத்தோடு உட்கார்ந்து, அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கரீம் துணித் துண்டுகளையும் அட்டையையும் டேப்பையும் அம்மா கையில் கொடுத்தான். அவள் எழுந்து உள்ளே போய்க் கொடுத்துவிட்டு, திரும்பி வந்து முறத்தை எடுத்துக்கொண்டாள்.

“அண்ணி, பேஸுக்குப் பை தெக்கலாம்னு அத்தா சொல்றாரு. நாளைக்குப் பென்னாகரத்துல மாப்பிள்ளை அழைப்பு இருக்குது. எந்தத் துணி நல்லாருக்குன்னு நீங்க சொன்னா…”

வஹிதாவின் விரல் அரிசியில் நின்றது.

ஹசீனா கட்டிலில் உட்கார்ந்து மூன்று துண்டுகளையும் மடியில் பரப்பியிருந்தாள். இப்படி ஒரு பேச்சு வரும் என்று அவளுக்குத் தெரியும். வந்தால் நெஞ்சு அடைக்கும், கத்திவிடுவேன் என்றெல்லாம் நினைத்திருந்தாள். எதுவும் ஆகவில்லை. இந்த ஐம்பத்து மூன்று நாளும் வேளைக்குப் பசித்தது, படுத்தால் தூக்கம் வந்தது. அழுகைதான் வரவில்லை. ஒருவேளை எனக்குப் புருஷன் மேல் ஆசையே இருந்ததில்லையோ என்று அவளுக்குத் தன் மேலேயே பயமாக இருந்தது.

பலகை வைத்த தார்ப்பாய்த் துண்டைத் தட்டிப் பார்த்தாள். ஃபோம் வைத்த துண்டைக் கட்டைவிரலால் அழுத்தினாள். உள்ளே போன துணி மெதுவாக எழும்பி வந்தது.

“பலகை வெச்சது எதுக்கு?” என்று கேட்டாள்.

பதில் சொன்னது கரீம் இல்லை. எப்போது வந்தாரோ, சுபான் திரைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

“அதான் கெட்டி ஹசீனாம்மா. எங்க போட்டாலும் ஒண்ணும் ஆவாது. பஸ்ஸு மேலயே போட்டாலும்…”

வாக்கியம் பாதியில் நின்றது. நின்ற இடம் அவருக்கே உறைத்தது.

“அதான் வேணாம் மாமா” என்றாள் ஹசீனா. குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. “கெட்டியா இருந்தா மேலதான் போடச் சொல்லுவாங்க. அப்புறம் கயிறு, அப்புறம் ஏணி. இந்த மெத்துன்னு இருக்கறத யாரும் மேல போடமாட்டாங்க. போட முடியாதுல்ல?”

“போட முடியாதுங்க அண்ணி” என்றான் கரீம். “கூடவேதான் வெச்சுக்கணும்னு குப்புராஜண்ணன் சொன்னாரு.”

“அப்ப இதுதான்.”

சுபான் சுவரில் கையை ஊன்றினார்.

“ஹசீனாம்மா. அன்னிக்கு மேல போடச் சொன்னது நாந்தான்.”

வஹிதா நிமிர்ந்து கணவனைப் பார்த்தாள். அவளுக்கு இது புதுச் செய்தி. கரீம் தரையைப் பார்த்தான்.

“தெரியும் மாமா” என்றது திரைக்குப் பின்னால் இருந்த குரல். “எப்பவும் நீங்கதான சொல்லுவீங்க. மத்தியானத்துக்கு மாமிக்கு மாத்திரை வாங்கணும், மறந்துறாதீங்க.”

திட்டியிருந்தால் சுபான் தாங்கியிருப்பார். மாத்திரைச் சீட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

ஹசீனா மூலைக்குப் போய் பெட்ஷீட்டை அவிழ்த்தாள். அது வந்து சேர்ந்த நாளிலிருந்து அவள் தொடாத பொருள். பித்தளை மங்கி, வளைவுகளில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. வாயோரத்து நசுங்கலில் அவள் முகம் கோணலாகத் தெரிந்தது. தரையில் உட்கார்ந்து, அதை மடியில் சாய்த்துக்கொண்டு, டேப்பைப் பிடித்தாள். உயரம் எழுதினாள். வாய் அகலம் எழுதினாள். வயிற்றைச் சுற்றி அளப்பதற்காகப் புரட்டியபோது, குழாய்க்குள்ளிருந்து நாலைந்து மஞ்சள் அரிசி உதிர்ந்தது. எந்தக் கல்யாணத்திலோ விழுந்த அட்சதை. அதைப் பொறுக்கி எங்கே போடுவது என்று தெரியாமல் ஜன்னல் விளிம்பில் வைத்தாள்.

அழுகை அப்போதும் வரவில்லை.

வெளியே உட்கார்ந்திருந்த கரீமுக்கு, பீரோ திறந்து மூடும் சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அட்டை திரைக்கு அடியில் வந்தது. நான்கு வரிகளிலும் அண்ணியின் குண்டுக் கையெழுத்தில் அளவு இருந்தது. கடைசி வரியைத் தான் எழுத வேண்டும் என்று அவன் நினைத்திருந்தான். அதுவும் நிரம்பியிருக்கவே, வாருக்கு ஏதோ ஒரு கணக்கு போட்டிருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

*

குப்புராஜ் அன்று வேறு வேலை எடுக்கவில்லை. மத்தியானம் முழுக்க மிஷின் ஓடியது. மஃரிப் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால், அரக்கு நிறக் கித்தான் பையை உதறிக் காட்டினார்.

“ஜிப்பு பித்தளையக் கீறிரும்னு உள்பக்கமா ஒரு பட்டை குடுத்திருக்கேன். இந்தா, ஊதற முனைக்குத் தனியா ஒரு ஜோப்பு. நீங்க கேக்கல, நானாத்தான் வெச்சேன். போட்டுப் பாக்கறீங்களா?”

அதற்குள் பாங்கு சொல்லிவிட்டார்கள். கரீம் பையை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பள்ளிவாசலுக்கு ஓடினான்.

தொழுகை முடிந்து அப்பனும் மகனும் வீட்டுக்கு வந்தபோது விளக்கு போட்டிருந்தது. வஹிதா பையை உள்ளே கொண்டுபோனாள். ஜிப் இழுபடும் சத்தம் கேட்டது. திறந்து, வெகுநேரம் கழித்து மூடியது. பிறகு வஹிதா பின்னால் இருந்து தாங்க, பேஸ் புதுப் பைக்குள் உட்கார்ந்தபடி திரையை விலக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தது.

கொடுத்துவிட்டாள். சுபான் மூச்சை விட்டார்.

கரீம் குனிந்து, வாரை இரண்டு தோளிலும் மாட்டிக்கொண்டு எழுந்தான். பை எழும்பவில்லை. அவன் நேராக நின்ற பிறகும் அது தொங்கிக்கொண்டே போய் முழங்காலுக்குப் பின்னால் நின்றது. ஓர் அடி வைத்தான். இடித்தது. இன்னொரு அடி. மறுபடி இடித்தது.

“என்னடா தெச்சிருக்கான் இவன்?” சுபானுக்கு இரண்டு மாதத்தில் முதல் தடவையாகக் கோபம் வந்தது. “அர அடிக்கு மேல தொங்குது! அளவுன்னு ஒண்ணு எதுக்குக் குடுத்து வுட்டோம்?”

குப்புராஜ் பையோடு திருப்பிக் கொடுத்திருந்த சிகரெட் அட்டையைக் கரீம் சட்டைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்தான். குப்புராஜ் மேல் தப்பில்லை. எழுதியிருந்த அளவுக்குத்தான் தைத்திருந்தார்.

அந்த வீட்டில் அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவே ஒரு தலை உயர வித்தியாசம். வாசல் நிலையில் குனியாமல் நுழைந்தால் சர்தாருக்கு நெற்றியில் இடிக்கும். கரீமுக்கு இடிக்காது. பை யாருக்குச் சரியாக இருந்திருக்கும் என்பது முதலில் வஹிதாவுக்குத்தான் புரிந்தது. முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். அவளைப் பார்த்து சுபானுக்குப் புரிந்தது. கோபம் போன இடம் தெரியவில்லை.

திரைக்குப் பின்னால் ஹசீனா நின்றுகொண்டிருந்தாள். சேலை இடுக்கு வழியாகக் கூடம் தெரிந்தது. பை இடிப்பதும் தெரிந்தது.

“தம்பி” என்றாள். “நா உங்கள அளக்கல.”

“தெரியும் அண்ணி. பரவால்லீங்க.”

“தூக்கறவரு அளவுன்னு போட்டிருந்துச்சு. பீரோவத் தொறந்து அவரு சட்டைய எடுத்து அளந்துட்டேன். வேற ஆளு தூக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல தம்பி. தோணவே இல்ல.”

அவ்வளவுதான் பேச முடிந்தது. ஐம்பத்து மூன்று நாளாக வராதது அப்போது வந்தது. வாயைப் பொத்திக்கொள்ளக்கூட இல்லாமல், ஊருக்கே கேட்கிற மாதிரி அழுதாள். வஹிதா உள்ளே ஓடினாள். பக்கத்து வீட்டு ரேடியோவை யாரோ நிறுத்தினார்கள். கூடத்தில் அப்பனும் மகனும் நின்ற இடத்தில் நின்றார்கள். கரீம் பையைக் கழற்றவில்லை. கழற்றலாமா என்று அவனுக்குத் தெரியவில்லை.

அழுகை ஓய்ந்து, மூக்கை உறிஞ்சும் சத்தத்துக்கு நடுவே அவள் குரல் வந்தது.

“அதக் கழட்டி உள்ள அனுப்புங்க.”

சுபான் திடுக்கிட்டார். திரும்ப வாங்கிக்கொள்கிறாள் என்று நினைத்துவிட்டார்.

“வார மடிச்சுத் தெச்சுத் தரேன் மாமா. உங்க அளவு எவ்வளவுன்னு அளந்து சொல்லுங்க தம்பி. வெட்ட வேணாம். மடிச்சே தெக்கறேன்.”

திரைக்கு அடியில் வந்த டேப்பைச் சுபானே எடுத்துப் பிடித்தார். இளைய மகனின் தோளிலிருந்து இடுப்புக்கு அளந்தார். இரண்டு தடவை அளந்து சரிபார்த்துக்கொண்டார். எண்ணைத் திரைக்கு நேராக நின்று, அவரே சத்தமாகச் சொன்னார்.

முக்கால் மணி நேரத்தில் பை திரும்பி வந்தது. வாரின் மிச்சம் உள்பக்கமாக மடிந்து, நெருக்கமான கைத்தையலில் அடங்கியிருந்தது. கரீம் மாட்டிக்கொண்டான். இந்தத் தடவை பேஸ் முதுகோடு ஒட்டி உட்கார்ந்தது. கனமாகத்தான் இருந்தது.

“மடியில வெச்சுக்குவியா?” என்று கேட்டார் சுபான்.

“வெச்சுக்கறேன் அத்தா.”

“கண்டக்டரு மேல போடச் சொன்னா?”

“எறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நிப்பேன்.”

சுபான் தலையாட்டிவிட்டு அடுத்த தொழுகைக்குக் கை கால் முகம் கழுவி ஒளூ செய்யக் கொல்லைப்பக்கம் போனார்.

கரீம் பையை இறக்கிச் சுவரோரம் சாய்த்தான். குப்புராஜ் தன் ஆசைக்கு வைத்த சின்ன ஜோப்பைத் தடவினான். தட்டையாக இருந்தது. திறந்து விரலை விட்டுத் துழாவினான். புதுத் துணியின் நூல் பிசிறுதான் கையில் வந்தது.

ஊதுமுனை இல்லை. அது இல்லாவிட்டால் எத்தனை மூச்சைக் கொடுத்தாலும் பேஸ் பேசாது. செட்டில் வேறு ஊதுமுனைகள் இருந்தன. எதுவும் இதற்குப் பொருந்தாது.

ஆஸ்பத்திரியில் சட்டை, கைக்கடிகாரம், ஊதுமுனை என்று மூன்றையும் ஒரு துண்டில் முடிந்து கொடுத்தார்கள். அந்த முடிச்சைக் கொண்டுவந்து அம்மா மூலமாக உள்ளே அனுப்பியவன் கரீம்தான். இன்று பீரோ திறந்த சத்தம் கேட்டதே, சட்டையோடு அதுவும் அங்கேதான் இருக்கும். அவள் மறந்திருக்க மாட்டாள். அண்ணன் வாய் பட்ட இடம் அது ஒன்றுதான்.

திரையில் விளக்கு வெளிச்சம் இருந்தது. அதற்குப் பின்னால் அவள் நிழல் கட்டிலில் உட்கார்ந்திருந்தது.

“அண்ணி.”

“என்ன தம்பி?”

அழுது அழுது கம்மிப்போன குரல். கேட்டால் கொடுத்துவிடுவாள். அது கரீமுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அதனாலேயே கேட்கக் கூடாது, நாளைக்குப் பேஸை ஊதாமல் சும்மா தூக்கிக்கொண்டு நின்றாலும் சரி.

“ஒண்ணுமில்லீங்க அண்ணி. வாரு கச்சிதமா இருக்குது.”

முகத்தைத் துடைத்துக்கொண்டே சுபான் உள்ளே வந்தார். இரண்டு மாதத்துக்குப் பிறகு அவர் முகத்தில் கொஞ்சம் தெளிவு இருந்தது.

“எல்லாத்தையும் பாத்து எடுத்து வெச்சுக்கிட்டியாடா? காலைல எட்டு மணிக்கு பஸ்ஸு.”

கரீம் காலியான ஜோப்பின் ஜிப்பை இழுத்து மூடினான்.

“எல்லாம் இருக்குது அத்தா” என்றான்.